ஒரு மனிதனின் பெறுமதி எவ்வளவு?



சென்ற ஞாயிறு மாலை மறைக்கல்வி வகுப்பு முடிந்த பின்னர் குருநகர்க் கடற்கரைப் பக்கமாக நடந்துபோய்க்கொண்டிருந்தேன். கரையில் ஏற்றிவைத்திருந்த படகுகளுக்குப் பக்கத்தில், இரண்டு தடிகளை ஊன்றி அவற்றையே கோல் கம்பங்களாக்கி விளையாடிய சிறுவர் சிலர், களைத்துப்போய் மணலில் வட்டமாக இருந்தார்கள். நடுவில் ஒரு கைத்தொலைபேசி. எல்லாத் தலைகளும் அதன்மேல் கவிழ்ந்திருந்தன. என்னைக் கண்டதும் ஒருவன் எழுந்து, "சுவாமி, இவற்ரை சொத்து எவ்வளவு தெரியுமோ?" என்று கேட்டான். ஐரோப்பியக் கழகமொன்றுக்கு விளையாடும் புகழ்பெற்ற உதைபந்தாட்ட வீரர் ஒருவரின் படம் அதில் இருந்தது. படத்தின் கீழே அவருடைய வயது, உயரம், அடித்த கோல்கள். அவற்றுக்கும் கீழே தடித்த எழுத்தில் 'மதிப்பிடப்பட்ட சொத்து' என்று ஒரு தொகை.

"தெரியாது தம்பி" என்றேன். அவன் தொகையைச் சொன்னான். அதை ரூபாயாக மாற்றினால் எத்தனை பூச்சியம் வரும் என்று அவர்களுக்குள் வாக்குவாதம் எழுந்தது. அப்போது சின்னவன் ஒருவன், "எங்கடை அப்பா எத்தனை வருஷம் கடலுக்குப் போனால் இவ்வளவு உழைப்பார்?" என்று கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. கணக்குப் பார்க்கவே அவன் கேட்டான். சற்றுத் தள்ளியிருந்து வலை பொத்திக்கொண்டிருந்த அவனுடைய தகப்பன் தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் கேட்டார் என்பது எனக்குத் தெரியும்.

அதற்கு இரண்டு நாட்களின் பின்னர் ஒரு தாய் குருமனைக்கு வந்தார். அவருடைய மகனுக்குப் பதினாறு வயது. நன்றாகப் பந்தடிப்பான், நானும் பார்த்திருக்கிறேன். சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் சில மாதங்களே உள்ளன. வெளிநாட்டுக் கழகமொன்றில் பயிற்சிக்குச் சேர்த்துவிடுவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். எட்டு இலட்சம் ரூபா வேண்டுமாம். "தாலிக்கொடியை ஈடு வைக்கட்டோ சுவாமி? ஒரு வருஷத்திலை உழைச்சு மீட்டுத் தாறன் எண்டு பெடியன் சொல்லுறான்" என்று அந்தத் தாய் கேட்டார்.

மணலில் இருந்த சிறுவனின் கேள்வியும் இந்தத் தாயின் கேள்வியும் அடியில் ஒன்றே என்று எனக்குத் தோன்றியது. ஒரு மனிதனின் பெறுமதியை எதனால் அளப்பது? பந்தை உதைப்பதற்காகக் கோடி கோடியாகப் பெறுவது நியாயமா? அப்படிப் பெறுகிறவரைப் பார்த்து நம் பிள்ளைகள் தங்கள் வாழ்வை அமைக்கலாமா? இவற்றுக்கு ஒரே வார்த்தையில் விடை கூறிவிடலாம் என்று எண்ணுவோர் இருக்கக்கூடும். நான் அவ்வாறு எண்ணவில்லை. ஆகவே, இந்த வாரம் உங்களோடு சேர்ந்து இதைச் சற்று நிதானமாகச் சிந்திக்க விரும்புகிறேன்.

அந்தத் தொகை எங்கிருந்து வருகிறது?

முதலில் அந்த எண்ணையே பார்ப்போம். 'மதிப்பிடப்பட்ட சொத்து' என்று அச்சிடப்படும் தொகைகளில் பெரும்பாலானவை ஊகங்கள். ஒருவருடைய வங்கிக் கணக்கையோ கடனையோ வரியையோ கண்ணால் காணாமல், சம்பளம் இவ்வளவு இருக்கலாம், விளம்பரத்தால் இவ்வளவு வரலாம் என்று கூட்டிப் போடுகிற கணக்கு அது.

பிரான்ஸ் நாட்டு வீரரான மத்தியூ பிளமினி ஒரு நல்ல உதாரணம். ஆர்சனல், ஏசி மிலான் ஆகிய கழகங்களுக்கு விளையாடியவர். 2008ஆம் ஆண்டு நண்பர் ஒருவருடன் சேர்ந்து, தாவரக் கழிவிலிருந்து இரசாயனப் பொருள் தயாரிக்கும் கம்பனி ஒன்றைத் தொடங்கினார். சில ஆண்டுகளின் பின்னர், அவருக்கு ஆயிரக்கணக்கான கோடி சொத்து இருப்பதாக உலகப் பத்திரிகைகள் எழுதின. உண்மையில் அந்தத் தொகை, அவர் தயாரிக்கும் பொருளுக்கு உலகச் சந்தையில் என்றாவது ஏற்படக்கூடிய மொத்த வியாபாரத்தின் மதிப்பீடு. குருநகரில் ஒருவர் ஒரு வலை வாங்கினார் என்பதற்காக, பாக்கு நீரிணையிலுள்ள மீன் அனைத்தையும் அவருடைய சொத்தில் சேர்த்து எழுதியதற்கு இது சமம்.

இன்னொரு பட்டியலில் உலகின் பெரும் செல்வந்த உதைபந்தாட்ட வீரராக பாயிக் பொல்கியா என்பவரின் பெயர் இருக்கும். அவர் புரூணை சுல்தானின் சகோதரருடைய மகன். அவருக்குரியதாகச் சொல்லப்படும் செல்வத்துக்கும் பந்துக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.

மற்றுமொரு மயக்கமும் உண்டு. 2017ஆம் ஆண்டு நெய்மார் என்ற பிரேசில் வீரரைப் பெறுவதற்காகப் பாரிஸ் கழகம் பார்சலோனாக் கழகத்துக்கு 22 கோடி 20 இலட்சம் யூரோ கொடுத்தது. நம் சிறுவர்கள் அதை நெய்மாரின் பணம் என்று எண்ணுகிறார்கள். அது ஒரு கழகம் மற்றக் கழகத்துக்குக் கொடுத்த பணம்.

பிள்ளைகள் ஓர் எண்ணைச் சொல்லி வியக்கும்போது அவர்களை ஏசவேண்டியதில்லை. "யார் எண்ணினார்கள் தம்பி? எப்படி எண்ணினார்கள்?" என்று கேட்டாலே போதும். உண்மையைத் தேடும் பழக்கம் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

விரும்பிக் கொடுத்தால் குற்றமா?

ஊகங்களைக் கழித்துவிட்டாலும், பெரும் பணம் பெறுகிற வீரர்கள் இருக்கவே செய்கிறார்கள். அது நியாயமா?

இங்கே நாம் அவசரப்பட்டுத் தீர்ப்பிடலாகாது. உதைபந்தாட்ட வீரர் நீண்டகாலம் சுரண்டப்பட்ட தொழிலாளியாகவே இருந்தார். இங்கிலாந்தில் ஒரு வீரருக்கு வாரமொன்றுக்கு 20 பவுணுக்கு மேல் சம்பளம் கொடுக்கக் கூடாது என்ற விதி 1961ஆம் ஆண்டு ஜனவரி வரை இருந்தது. பல்லாயிரம் பேர் நுழைவுச்சீட்டு வாங்கி அரங்கை நிரப்பினார்கள். அந்தப் பணம் கழகத்துக்குப் போயிற்று. ஒப்பந்த காலம் முடிந்த பின்னரும் கழகத்தின் சம்மதமின்றி வீரர் வேறிடம் போகமுடியாது. ஜிம்மி ஹில் என்பவரின் தலைமையில் வீரர் சங்கம் வேலைநிறுத்தம் செய்வோம் என்று எச்சரித்த பின்னரே அந்தச் சம்பள எல்லை நீங்கியது. பிறகு புல்ஹாம் கழகம் ஜோனி ஹேய்ன்ஸ் என்ற வீரருக்கு வாரம் 100 பவுண் கொடுத்தபோது நாடே வியந்தது. 1992இல் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் தொடங்கியபோது ஐந்து ஆண்டுகளுக்கான தொலைக்காட்சி உரிமை 30 கோடி பவுணுக்கு மேல் விலைபோனது. அதன் பின்னர் பணம் வெள்ளமாக வந்தது.

தொழிலாளிக்கு நியாயமான கூலி வேண்டும் என்று பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891ஆம் ஆண்டு உலகுக்கு எடுத்துரைத்தார். அந்தப் போதனையை ஏற்கும் நாம், வீரருக்குப் போகாத பணம் முதலாளியின் பைக்குள்ளேயே போயிருக்கும் என்பதையும் மறக்கலாகாது. உழைத்தவன் தன் பங்கைப் பெறுவது குற்றமன்று.

இந்த வாதத்தை மிகக் கூர்மையாக முன்வைத்தவர் அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் றொபேட் நொசிக். 1974ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலில் அவர் ஓர் உதாரணம் கூறுகிறார். வில்ற் சேம்பர்லேன் என்ற புகழ்பெற்ற கூடைப்பந்தாட்ட வீரரின் ஆட்டத்தைப் பார்க்க வருகிற ஒவ்வொருவரும் 25 சதத்தைத் தனியாக அவருக்கென்று போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பருவத்தில் பத்து இலட்சம் பேர் வந்தால் அவருக்கு இரண்டரை இலட்சம் டொலர் சேரும். கொடுத்தவர் எல்லாரும் விரும்பியே கொடுத்தார்கள். ஒருவரும் ஏமாற்றப்படவில்லை. அப்படியாயின் யாருக்கு அநீதி நடந்தது? இதுதான் அவருடைய கேள்வி.

குருமடத்தில் தத்துவம் படித்த காலத்தில் இந்தக் கேள்வி என்னைத் திணறவைத்தது. இன்றும் இதை இலகுவாகத் தள்ளிவிட முடியாது. விரும்பிக் கொடுத்த பணத்தைத் திருட்டு என்று சொல்ல முடியாதுதான். ஆனால் அந்தக் கதையில் ஒரு மனிதர் மாத்திரமே தெரிகிறார். அவரைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் எங்கே போனார்கள்?

பங்குக் கணக்கு

கடலுக்குப் போய்வந்த படகின் உழைப்பு எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பது குருநகர் மக்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எண்ணெய்ச் செலவும் ஐஸ் செலவும் முதலில் கழியும். படகுக்கும் வலைக்கும் உரிய பங்கு போகும். மிகுதி ஆட்களுக்குள் பங்காகும். மீன் நிற்கும் இடத்தை அறிந்து படகைக் கொண்டுசெல்பவனுக்குச் சற்றுக் கூடக் கொடுப்பதில் ஒருவரும் குறை காண்பதில்லை. அவனுடைய அறிவால் எல்லாரும் பிழைக்கிறார்கள். ஆனால் "இன்றைய மீன் முழுவதும் என் கண்ணால் கிடைத்தது, ஆகவே முழுவதும் எனக்கே" என்று அவன் சொன்னால், மறுநாள் அவனோடு யார் கடலுக்குப் போவார்கள்? அதோடு, கரையில் படகை இழுக்கக் கைகொடுத்தவனுக்கும், கூடையோடு வந்து நிற்கும் ஏழைக் கிழவிக்கும் கறிக்கு நாலு மீன் போகிறதே, அது எந்த ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது?

பந்து விளையாட்டும் இப்படித்தான். கோல் அடித்தவரின் பெயர் பத்திரிகையில் வருகிறது. பந்தைக் கொண்டுவந்து அவருடைய காலடியில் சேர்த்தவர், பின்னால் நின்று காத்தவர், தன் பிள்ளைகளோடு இருக்கவேண்டிய மாலைப்பொழுதுகளைப் பாடசாலை மைதானத்தில் செலவழித்த ஆசிரியர், சப்பாத்து வாங்கக் காதுத்தோட்டை விற்ற தாய் ஆகியோரின் பெயர் வருவதில்லை. இன்னும் ஒன்றும் உண்டு. அந்தக் காலின் வேகத்தை அவர் எந்தக் கடையிலும் வாங்கவில்லை. பிறக்கும்போதே அது அவரிடம் இருந்தது. பயிற்சியால் வளர்த்தார் என்பது உண்மை. விதையை அவர் உண்டாக்கவில்லை. தாலந்துகளின் உவமையில், எசமான் திரும்பி வந்து கணக்குக் கேட்கிறார். பெற்றுக்கொண்டது தன்னுடையதாக மட்டும் இருந்திருந்தால் அங்கே கணக்குக் கேட்பதற்கு இடமே இல்லை.

பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1987ஆம் ஆண்டு எழுதிய சுற்றுமடலில், தனியார் சொத்தின்மீது சமூகத்துக்கு ஓர் ஈடு இருக்கிறது என்ற கருத்தை வெளியிட்டார். யாழ்ப்பாணத்தாருக்கு இதைவிடத் தெளிவாக விளங்கக்கூடிய சொல் இல்லை. ஈட்டில் இருக்கும் காணியில் நீங்கள் குடியிருக்கலாம், தோட்டம் செய்யலாம், விளைச்சலை அனுபவிக்கலாம். ஆனால் அந்தக் காணியின்மேல் இன்னொருவருக்கும் உரிமை உண்டு. அதை மறைத்து விற்பவன் மோசடிக்காரன். செல்வமும் அப்படியே. அது உங்களுடையதுதான், ஆனால் ஏழைகளின் உரிமை அதன்மேல் எழுதப்பட்டிருக்கிறது.

செனகல் நாட்டின் பம்பாலி என்ற கிராமத்தில் 1992இல் பிறந்த சாடியோ மானே இதை உணர்ந்த ஒருவர். அவர் சிறுவனாக இருந்தபோது தகப்பனார் நோயுற்று இறந்தார். கிராமத்தில் மருத்துவமனை இருக்கவில்லை. பின்னாளில் லிவர்பூல் கழகத்துக்கு ஆடி 2019இல் ஐரோப்பியக் கிண்ணத்தையும் 2020இல் இங்கிலாந்தின் லீக் கிண்ணத்தையும் வென்றார். அதே காலத்தில் தம் கிராமத்தில் பாடசாலை கட்டினார். பல இலட்சம் யூரோ கொடுத்து மருத்துவமனை கட்டினார். அது 2021இல் திறக்கப்பட்டது. பத்து ஆடம்பரக் கார்கள் வைத்திருந்து யாருக்கு என்ன பயன் என்ற கருத்தில் அவர் பேட்டியும் கொடுத்திருக்கிறார். மானே ஒரு முஸ்லிம். தகப்பனைக் காப்பாற்ற அன்று இல்லாத கட்டிலை, வேறு பிள்ளைகளின் தகப்பன்மாருக்காக அவர் வாங்கிப் போட்டார். நல்ல சமாரியனின் உவமையை வாசிக்கிற நாம் இதற்கு விளக்கம் தேடத் தேவையில்லை.

மறுபக்கமும் உண்டு. உலகில் அதிகம் போற்றப்படும் இரு வீரர்களான லயனல் மெஸ்ஸியும் கிறிஸ்ரியானோ ரொனால்டோவும் முறையே 2016இலும் 2019இலும் ஸ்பெயின் நீதிமன்றங்களால் வரி மோசடிக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். சிறைக்குப் போகவில்லை, பெரும் அபராதம் செலுத்தினார்கள். அவர்களுடைய ஆட்டத்தின் அழகை இது அழிக்காது. ஆயினும், பேரன்மாரின் பேரன்மாருக்கும் போதுமான பணம் உள்ளவரிடமிருந்துகூடப் பொதுமக்களின் பங்கு ஒளித்துவைக்கப்பட்டது என்பதைச் சிந்தியுங்கள். போதும் என்ற எல்லையை எண்கள் காட்டுவதில்லை. அதை மனம்தான் கண்டுகொள்ளவேண்டும்.

சோடாப் போத்தல் விற்ற சிறுவன்

நம் பிள்ளைகளுக்கு முகம் தெரிந்த ஒருவரைப் பற்றி இனிச் சொல்கிறேன். 'திமிரு', 'பிகில்' ஆகிய தமிழ்ப் படங்களில் நடித்த ஐ. எம். விஜயனை அவர்கள் நடிகராக அறிவார்கள். அவர் இந்தியாவின் மிகச் சிறந்த உதைபந்தாட்ட வீரர்களுள் ஒருவர்.

கேரளத்தின் திருச்சூரில் 1969இல் மிக வறிய குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் திருச்சூர் விளையாட்டரங்கில் சோடா விற்றார். போத்தல் ஒன்றுக்குப் பத்துப் பைசா கிடைக்கும். ஆட்டத்தை இலவசமாகப் பார்க்கலாம் என்பதும் ஒரு காரணம். பதினேழாவது வயதில் கேரளப் பொலிஸ் அணியில் சேர்ந்தார். பின்னர் கல்கத்தாவின் மோகன் பகான் கழகத்துக்கும் வேறு பல பெரிய கழகங்களுக்கும் ஆடினார். 1993, 1997, 1999 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இந்தியாவின் சிறந்த வீரராகத் தெரிவானார். 1999இல் காத்மண்டுவில் பூட்டானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிப் பன்னிரண்டாவது விநாடியில் கோல் அடித்தார்.

அவர் ஆடிய கழகங்களுள் ஒன்று 1997இல் தொடங்கிய எப்.சி. கொச்சின். முழுமையாகத் தொழில்முறையில் இயங்கும் கழகம் என்று பெரிதாகப் பேசப்பட்டது. ஐந்து ஆண்டுகளுக்குள் வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் அது மூடப்பட்டது. விஜயனோ விளையாட்டு முடிந்த பின்னர் பொலிஸ் சேவையில் இருந்து 2025ஆம் ஆண்டு ஓய்வு பெற்றார். அதே ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. கால்கள் ஓய்ந்த பின்னரும் அவருக்கு ஒரு தொழில் இருந்தது.

நம்மைப் போன்ற கரையோரக் கத்தோலிக்க ஊர் ஒன்றிலிருந்தும் ஓர் உதாரணம் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தின் மீனவக் கிராமமான இரவிபுத்தன்துறையைச் சேர்ந்தவர் மைக்கல் சூசைராஜ். மணலில் பந்தடித்து வளர்ந்து இந்தியன் சுப்பர் லீக்கில் பெயர் பெற்றார். 2020 மார்ச்சில் அவருடைய கழகமான ஏ.ரி.கே. கிண்ணத்தை வென்றது. அதே ஆண்டு நவம்பர் 20ஆம் திகதி, புதிய பருவத்தின் முதல் ஆட்டத்தில், ஆரம்ப நிமிடங்களிலேயே காயமடைந்து வெளியேறினார். அந்தப் பருவம் முழுவதும் அவருக்கு அத்தோடு முடிந்தது. பின்னர் மீண்டும் களத்துக்கு வந்தார் என்பது அவருடைய மனவுறுதிக்குச் சான்று. எனினும் ஒரு முழங்காலில் எத்தனை பேரின் வாழ்வு தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதைச் சப்பாத்து வாங்கும் நாளில் எவரும் நமக்குச் சொல்வதில்லை.

இன்னும் இருவரை நினைப்போம். 1958இலும் 1962இலும் பிரேசில் உலகக் கிண்ணத்தை வெல்லக் காரணமானவர்களுள் ஒருவர் கரிஞ்சா. கோணலான கால்களோடு பிறந்து அந்தக் கால்களாலேயே உலகை மயக்கியவர். 1983ஆம் ஆண்டு, 49ஆவது வயதில், மதுவாலும் வறுமையாலும் சிதைந்து இறந்தார். மற்றவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜான் மார்க் பொஸ்மன். ஒப்பந்தம் முடிந்த வீரர் சுதந்திரமாக வேறு கழகத்துக்குப் போகலாம் என்ற தீர்ப்பை ஐரோப்பிய நீதிமன்றத்தில் 1995 டிசம்பர் 15ஆம் திகதி பெற்றவர் அவர். இன்றைய வீரர்களின் பெருஞ்செல்வத்துக்கு அந்தத் தீர்ப்பு ஒரு முக்கிய காரணம். வழக்காடிய பொஸ்மனோ தம் விளையாட்டு வாழ்வை இழந்தார். பின்னாளில் பணமின்றியும் மதுப்பழக்கத்தாலும் துன்புற்றதைத் தாமே கூறியிருக்கிறார். அவர் திறந்த கதவால் மற்றவர்கள் உள்ளே போனார்கள். அவர் வெளியே நின்றார். கைத்தொலைபேசியின் பட்டியலில் அவருடைய பெயர் இராது.

இரண்டு தராசுகள்

இனி, முதற் கேள்விக்கு வருவோம். ஐந்தாம் நூற்றாண்டில் புனித அகுஸ்தீனார் தமது 'கடவுளின் நகரம்' என்ற நூலில் ஆழமான ஓர் உண்மையைக் காட்டுகிறார். உலகில் பொருள்களை அளக்க இரண்டு வரிசைகள் இருக்கின்றன. ஒன்று, படைப்பில் ஒவ்வொன்றும் பெற்றிருக்கும் இடம். மற்றது, நமக்கு அதனால் உண்டாகும் பயன். படைப்பின் வரிசையில் உயிருள்ள எலி, உயிரற்ற அப்பத்தைவிட மேலானது. ஆனால் வீட்டில் எலி இருப்பதையா அப்பம் இருப்பதையா விரும்புவோம்? அவருடைய காலத்துச் சந்தையில் ஓர் அடிமையைவிட ஒரு குதிரை கூடிய விலைக்குப் போனது. அதனால் குதிரை மனிதனைவிட மேலாகிவிட்டதா? இல்லை. அது வாங்குகிறவனின் தேவையை மட்டுமே காட்டியது. எட்டு நூற்றாண்டுகளின் பின்னர் புனித தோமஸ் அக்வினாஸ், நியாய விலையைப் பற்றி எழுதும்போது இதே கருத்தை எடுத்தாளுகிறார்.

விலை என்பது பயனின் தராசு. வேறொரு தராசும் இருக்கிறது. முதலாவது தராசில் ஓர் உதைபந்தாட்ட வீரரும் ஒரு மீனவரும் ஏறினால் முள் ஒரு பக்கமாகச் சாயும். அதை மறுப்பது மூடத்தனம். இரண்டாவது தராசில் இருவரும் ஏறினால் முள் அசையாது. இருவரும் இறைவனின் சாயலாகப் படைக்கப்பட்டவர்கள். பெரும் தொகை வாங்குவது பாவம் என்று நான் சொல்லமாட்டேன். முதலாவது தராசில் கண்ட எண்ணை இரண்டாவது தராசில் எழுதிவைப்பதே பொய். அந்தப் பொய்யை நம்பினால் பணக்காரன் தன்னைக் கடவுளென்று எண்ணுவான். ஏழையின் மகன் தன் தகப்பனைப் பார்த்து வெட்கப்படுவான்.

இதில் என்னுடைய குற்றத்தையும் அறிக்கையிடவேண்டும். முன்பு நான் பணியாற்றிய பங்கு ஒன்றில் கோயில் திருப்பணிக்குப் பணம் சேர்த்தோம். வெளிநாட்டிலுள்ள உறவுகள் தாராளமாக அனுப்பினார்கள். கொடுத்தவர்களின் பெயர்களைத் தொகையின் வரிசைப்படி பெரிய பலகையில் எழுதுவித்தேன். திருநாளன்று அதை எல்லாரும் நின்று வாசித்தார்கள். மீன் வெட்டிக் கொடுத்துக் கிடைத்த கூலியில் நூறு ரூபா தந்த ஒரு விதவைத் தாயின் பெயர் கடைசியில் இருந்தது. அவர் அதை வாசித்துவிட்டுப் பேசாமல் போனார். காணிக்கைப் பெட்டியின் முன்னால் இரண்டு காசு போட்ட விதவையைப் பற்றி அதே கோயிலில் நான் பிரசங்கம் செய்தவன்! சிறுவர்களின் கைத்தொலைபேசியில் இருந்த பட்டியலுக்கும் என் பலகைக்கும் என்ன வேறுபாடு? அவர்கள் அந்தக் கணக்கை எங்கே கற்றார்கள் என்று நான் வியந்தேன். நம்மிடமிருந்தும் கற்றிருக்கலாம் அல்லவா?

கரையூர் என்று முன்னோர் அழைத்த இந்த மண்ணிலே, 1986 யூன் 10ஆம் திகதி அதிகாலை தொழிலுக்குப் போன முப்பதுக்கும் மேற்பட்ட மீனவர்கள் மண்டைதீவுக் கடலில் கொல்லப்பட்டார்கள். அவர்கள் எவருடைய சொத்தையும் எவரும் மதிப்பிட்டு எழுதவில்லை. ஆயினும் ஆண்டுதோறும் அந்த நாளில் இவ்வூர் அழுகிறது. பெறுமதி இல்லாதவர்களுக்காகவா ஓர் ஊர் அழும்? இரண்டாவது தராசு எங்கே இருக்கிறது என்று தேடுகிறவர்கள் அந்தக் கண்ணீரைப் பார்க்கட்டும்.

அந்தத் தாய்க்குச் சொன்னது

தாலிக்கொடியோடு வந்த தாய்க்கு நான் தத்துவம் பேசவில்லை. மூன்று விடயங்களைச் சொன்னேன். அதே நிலையில் வேறு பெற்றோரும் இருக்கக்கூடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலாவது: உண்மையான தொழில்முறைக் கழகம் வீரனுக்குப் பணம் கொடுக்கும், வீரனின் தாயிடம் பணம் கேட்காது. வீரர்களின் முகவராகத் தொழில் செய்வோருக்கு உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. அந்தப் பத்திரத்தையும் கழகத்தின் அழைப்புக் கடிதத்தையும் கேளுங்கள். கழகத்தோடு நேரடியாகத் தொடர்புகொண்டு உறுதிசெய்யுங்கள். அதற்கு மறுப்புச் சொல்கிறவருக்கு ஒரு சதமும் கொடுக்கவேண்டாம்.

இரண்டாவது: பரீட்சையை எழுதட்டும். விஜயனின் கால்களைக் காத்தது அவருடைய திறமை. அவருடைய முதுமையைக் காப்பது அவர் பார்த்த உத்தியோகம். கால் ஓடுவது பதினைந்து ஆண்டுகள். வாழ்வு அதைவிட நீளமானது.

மூன்றாவது: அவனுடைய பந்தைப் பறிக்கவேண்டாம். விளையாட்டும் இறைவன் தந்த கொடைதான். குருநகரிலும் பாசையூரிலும் நாவாந்துறையிலும் ஞாயிறு மாலைகளில் ஊரே திரண்டு பார்க்கும் ஆட்டங்களில் எவருக்கும் கோடிகள் கிடைப்பதில்லை. திங்கட்கிழமை கடலுக்குப் போகவேண்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமை உயிரைக் கொடுத்து ஓடுகிறார்கள். அந்த மகிழ்ச்சிக்கு விலை போட்டுப் பாருங்கள், முடியாது. 2024ஆம் ஆண்டு விமல் யோகநாதன் என்ற தமிழ் இளைஞர் இங்கிலாந்தின் பான்ஸ்லிக் கழகத்தின் முதல் அணியில் ஆடியபோது நம் பிள்ளைகளுக்கு உண்டான பெருமை நியாயமானது. ஒருநாள் இந்த மணலிலிருந்தும் ஒருவன் போகலாம். போகட்டும். ஆனால் தாயின் தாலியை ஈடு வைத்து அல்ல. போன பின்னர் ஈடு ஒன்று தன்மேல் இருக்கிறது என்பதை மறந்தும் அல்ல.

தாலிக்கொடி இன்றும் அந்தத் தாயின் கழுத்தில் இருக்கிறது. மகனுக்கு என்மேல் கோபம். சென்ற பூசையில் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுடைய கனவை நான் கெடுத்துவிட்டேன் என்று எண்ணுகிறான். பதினாறு வயதில் நானும் அப்படித்தான் எண்ணியிருப்பேன். அவன் பந்தடிக்கும் நாளில் போய் நின்று பார்ப்பது என்று தீர்மானித்திருக்கிறேன். கோபம் தணிய அது உதவலாம், உதவாமலும் போகலாம்.

சின்னவனின் கணக்குக்கும் விடை சொல்லவேண்டும். அந்த வீரரின் சொத்து நூறு கோடி ரூபா என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். அப்பா மாதம் ஒரு இலட்சம் உழைத்து, ஒரு சதமும் செலவழிக்காமல் சேர்த்தால் 833 ஆண்டுகள் செல்லும். கணக்கு அவ்வளவுதான். ஆனால் தம்பி, நீ மணலில் பந்தடித்துக்கொண்டிருந்த அந்த மாலையில், நாளை உனக்குச் சோறு போடுவதற்காக ஒரு மனிதர் இருட்டும்வரை இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அதை எந்தப் பட்டியலில் எழுதுவது என்று நீயே சொல்.

பெற்றோரே, இன்றிரவு உங்கள் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் ஒரு பெரிய எண்ணைக் காட்டினால் ஏசாதீர்கள். பக்கத்தில் இருத்தி, தங்கள் தாத்தா எந்தக் கடலில் எப்படி உழைத்தார் என்ற கதையைச் சொல்லுங்கள். அந்தக் கணக்கும் அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.